எட்டாவது குறுக்கு நரம்பு

கடையில் எனக்கு விடைகொடுத்த அன்று, அங்கே வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேர் கேக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு மட்டையிலாவது எனக்குப் பின்னல் பிசகியிருக்கிறதா என்று. ஒன்றுகூட இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேக்கும் வாங்கிச் சாப்பிட்டேன். சொன்னது பொய்.

ஒரு பிசகு உண்டு. அது கண் அயர்ந்து வந்ததும் இல்லை, கை தவறி வந்ததும் இல்லை. நல்ல வெளிச்சத்தில், தெரிந்தே, என் இரண்டு கையாலும் போட்ட பிசகு. அந்தப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களுக்காவது சொல்லிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வரும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

டென்னிஸ் மட்டை, பூப்பந்து மட்டை இவற்றின் வட்டத்துக்குள் வலைபோல ஒன்று இருக்கிறதே, அதைத்தான் நரம்பு என்கிறோம். அது அறுந்து போகும், தளர்ந்து போகும். புதிதாகக் கட்ட வேண்டும். அதுதான் என் தொழில். நான் அதைப் படித்தது ஈப்போவில், ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், விளையாட்டுச் சாமான் கடையில். தரை துடைக்கப் போனேன். மூன்றாம் மாதம், அங்கே நரம்பு கட்டுகிற அவருடைய மகனுக்குக் காய்ச்சல் வந்தது, ஒரு மட்டை அவசரமாக வேண்டியிருந்தது. பார்த்துப் பார்த்து எனக்கு வந்திருந்தது, கட்டினேன். அன்றோடு துடைப்பத்தை வேறொருத்தி வாங்கிக்கொண்டாள். படித்த கதை இவ்வளவுதான்.

ஆக்லாந்துக்கு நானும் என் வீட்டுக்காரர் ராஜுவும் வந்தபோது தொண்ணூறு பிறக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஏவன்டேலில் ரயில் பாதையை ஒட்டி வாடகைக்கு ஒரு வீடு. ரயில் போனால் அலமாரியில் தட்டுகள் பேசும். அவருக்குப் பேருந்து டெப்போவில் வேலை கிடைத்தது. எனக்கு த்ரீ கிங்ஸ் பக்கம் கெவின் என்பவருடைய கடையில்.

கெவினைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆறடிக்கு மேல், சிவந்த முகம், கோடையிலும் குளிரிலும் அரைக்கால் சட்டை. முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வருஷம் நாக்கு வரவில்லை. மிஸ்டர் என்றால் அவர் பின்னால் திரும்பி யாரைக் கூப்பிடுகிறேன் என்று பார்ப்பார். தனலெட்சுமி என்கிற என் பெயரை அவர் ஒரே நாளில் டானா ஆக்கிவிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டார், நன்றாக இல்லை என்றும் சொல்லமாட்டார். கட்டி முடித்த மட்டையை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். மேலிருந்து கீழே கட்டைவிரலால் ஒவ்வொரு வரிசையாகத் தடவுவார். சரியாக இருந்தால் "ரைட்" என்பார். சரியில்லை என்றால் வாய் திறக்கமாட்டார். கட்டின நரம்பை நம் கண்ணெதிரே கத்தரித்துவிட்டு, மட்டையை நம் மேசையில் வைத்து, கத்தரிக்கோலை அதன்மேல் வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். மூச்சுச் சத்தம்கூட வராது.

அந்தக் கத்தரிக்கோல் என் மேசைக்கு வந்ததே இல்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு இருப்பது இது ஒன்று.

ஒவ்வொரு ஜனவரியும் ஆக்லாந்தில் ஆண்களுக்கு ஒரு வாரம், பெண்களுக்கு ஒரு வாரம் என்று பெரிய டென்னிஸ் பந்தயம் நடக்கும். மெல்போர்னுக்குப் போகிற வழியில் உலகத்து ஆட்டக்காரர்கள் இங்கே இறங்குவார்கள். அவர்களுக்கு நரம்பு கட்டுகிற பொறுப்பு கெவினிடம் இருந்தது. பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை. மூன்று இயந்திரம், மூன்று பேர்: கெவின், இன்னொரு வெள்ளைக்காரர், நான். என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். குனிந்தால் மைதானம் தெரியும்.

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு ஆட்டக்காரரின் மட்டையை முதலில் யார் தொட்டாரோ, அந்த ஆட்டக்காரர் தோற்று ஊருக்குப் போகிறவரை தொட்டவரேதான் கட்ட வேண்டும். ஒரே இயந்திரத்தில் ஒரே அளவு வைத்து இழுத்தாலும் ஆளுக்கு ஆள் கை வேறு. என் கட்டு எனக்கே கண்ணை மூடித் தட்டினால் தெரியும். பெரிய ஆட்டக்காரர்கள் கெவினுக்கு. அடுத்தவர்கள் அந்த வெள்ளைக்காரருக்கு. தகுதிச் சுற்று என்று ஒன்று உண்டு. பந்தயத்துக்குள் நுழைவதற்கே மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டியவர்கள் அதில் ஆடுவார்கள். அவர்கள் எனக்கு. அவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமையோடு காணாமல் போவார்கள்.

ஒவ்வொரு மட்டையோடும் ஒரு சீட்டு வரும். ஆட்டக்காரரின் பெயர், எவ்வளவு இறுக்கம் என்று எழுதியிருக்கும். அடியில் கட்டினவர் தன் முதல் எழுத்தைப் போட வேண்டும். என் எழுத்து டி. இங்கிலீஷில் நான் தயங்காமல் எழுதுகிற ஒரே எழுத்து அது. எண் வாசிப்பேன், பெயர் வாசிக்க நேரமாகும். அதனால் என் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் நூல் வைத்திருந்தேன். கைப்பிடியின் அடியில் ஒரு சுற்று, சீட்டில் ஒரு துண்டு. முதல் வருஷம் கெவின் அந்த நூல்களைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். மூன்றாம் வருஷம் அவர் மேசையிலும் ஒரு நூல்பெட்டி இருந்தது.

நான் சொல்ல வந்தது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி. வெள்ளிக்கிழமை காலையில் ஒருவன் வந்தான். நெட்டையாக, ஒல்லியாக, வெயிலில் காது உரிந்துபோய். தோளில் மட்டைப் பை, கையில் பழைய மரப்பெட்டி ஒன்று. பிரெஞ்சுக்காரன், பேர் லூசியன். வயது இருபத்தொன்பது என்று பிறகு தெரிந்தது. மரப்பெட்டிக்குள் ஒரு சின்ன நரம்பு கட்டும் இயந்திரம், மடக்கி வைக்கிற மாதிரி. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உலகப் பட்டியலில் இருநூற்றுச் சொச்சத்தில் இருப்பவர்கள் தங்கள் மட்டைக்குத் தாங்களே கட்டிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. விமானத்தில் யாரோ பெட்டியைப் போட்டு, இழுத்த நரம்பைத் தளராமல் கவ்வுகிற பிடிகருவி உடைந்திருந்தது. கெவினிடம் ஒரு பிடிகருவி இரவல் கேட்டான். கருவி இரவல் கிடையாது, மட்டையைக் கொடு, கட்டித் தருகிறோம் என்றார் கெவின். அவனிடம் மூன்று மட்டை இருந்தது. ஒன்றில் அவன் ஊரிலிருந்தே புதிதாகக் கட்டி வந்திருந்தான். மற்ற இரண்டையும் என் மேசையில் வைத்தான். மஞ்சள் நூல் எடுத்துக் கட்டினேன்.

பழைய நரம்பை வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கண்ட இடத்தில் வெட்டக்கூடாது. நடுவில் தொடங்கி, நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்று என்று ஓரத்தை நோக்கிப் போக வேண்டும். ஒரே பக்கமாக அறுத்தால் மட்டையின் வட்டச் சட்டம் கோணிக்கொள்ளும். வெட்டுவதற்கு முன்னால் நான் எப்போதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், யார் கட்டினது, எப்படிப்பட்ட கை என்று. லூசியனின் மட்டையைப் பிடித்தேன். மேலிருந்து எட்டாவது குறுக்கு நரம்பில், நடுவுக்கு இடப்பக்கம், ஒரு பிசகு. குறுக்கு நரம்பு ஒரு நெடுக்குக்கு மேலே, அடுத்ததுக்குக் கீழே என்று மாறி மாறிப் போக வேண்டும். இங்கே அது கீழே போக மறந்து, மூன்று நெடுக்கை ஒரே மூச்சாக மேலேயே தாண்டியிருந்தது. பாவம், அசதியில் கட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். இரண்டாவது மட்டையைப் பிடித்தேன். அதே எட்டாவது வரிசை, அதே இடம், அதே பிசகு.

அங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரே பிசகு ஒரே இடத்தில் இரண்டு தடவை வருமா என்று யோசித்திருக்க வேண்டும். அவன் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான், கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. என் கைக்கு வந்த மட்டை பிசகோடு திரும்பிப் போகாது என்கிற திமிர். இரண்டையும் வெட்டினேன். துளை ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்து, சட்டத்தை ஆறு இடத்தில் பிடித்து இறுக்கி, நெடுக்கை நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து, குறுக்கை மேலே கீழே, மேலே கீழே என்று கண்ணாடி மாதிரி கட்டினேன். கெவின் வெளிச்சத்தில் பிடித்தார். "ரைட்."

சனிக்கிழமை அவன் முதல் ஆட்டம் ஜெயித்தான். முடித்துவிட்டு வந்து, "ரொம்பச் சுத்தமா இருக்கு, மதாம்" என்றான். அவர்கள் மேடத்தை அப்படித்தான் சொல்வார்கள். நம் வீட்டை யாரோ பெருக்கி எல்லாவற்றையும் அடுக்கிவைத்துவிட்டுப் போனால், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றுகொண்டு நன்றி சொல்வோமே, அந்தக் குரல்.

எனக்குக் குறுகுறுப்பு பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை அவனுடைய இரண்டாவது ஆட்டத்தின்போது, கை ஓய்ந்த நேரமெல்லாம் ஜன்னலுக்குக் குனிந்தேன். நான் கட்டின இரண்டையும் அவன் தொடவில்லை. பையிலிருந்து தலை நீட்டிக்கொண்டு மஞ்சள் நூலோடு சும்மா கிடந்தன. ஊரிலிருந்து கட்டி வந்த மூன்றாவதை வைத்தே ஆடினான். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் மட்டையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரே இடத்தைப் பார்த்தான். கையிலே எழுதின பாடத்தைப் பார்க்கிற பிள்ளை மாதிரி. அந்த ஆட்டமும் ஜெயித்தான்.

திங்கட்கிழமை காலையில் ஏவன்டேல் ஸ்டேஷனில் நிற்கிறேன், அவனும் அதே மேடையில் நிற்கிறான். தகுதிச் சுற்று ஆடுகிறவர்களுக்கு ஓட்டல் தரமாட்டார்களாம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தான். ரயிலில் எதிரே உட்கார்ந்தான். அவன் இங்கிலீஷும் ஓட்டை, என் இங்கிலீஷும் ஓட்டை. அதனாலோ என்னவோ, எங்களுக்குள் ஒரு சொல்கூட வீணாகவில்லை. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"நான் கட்டுன ரெண்டையும் ஏன் தொடமாட்டேங்கிற? என் கட்டுல என்னா கொற?"

"கொறயே இல்ல, மதாம். அதான் கஷ்டம்."

பதினாறு வயதில் தானாகவே கட்டப் பழகினானாம். சொல்லித்தர ஆளில்லை, இயந்திரத்தோடு வந்த காகிதத்தைப் பார்த்துக் கட்டினான். எட்டாவது வரிசையில் தப்பாகப் போட்டது அவனுக்கே தெரியாது. ஒரு வருஷம் அப்படியே ஆடினான். பிறகு ஒரு நண்பன் காட்டிச் சிரித்தான். வெட்கப்பட்டுச் சரியாகக் கட்டினான். ஆடப் போனால், கண்ணுக்கு நிற்க இடம் இல்லை.

எனக்குப் புரியவில்லை என்றேன். அவன் மட்டையை எடுத்து என் மடியில் வைத்து அந்த இடத்தில் விரலை வைத்தான்.

"வருஷத்துல முப்பது ஊரு போறேன். அறை வேற, கட்டில் வேற, பந்து வேற, தண்ணிகூட வேற. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவுல இருபது செகண்டு இருக்கு. அந்த இருபது செகண்டு எங்க பாக்குறது? எதிராளியப் பாத்தா பயமா இருக்கும். பெஞ்சுங்களப் பாத்தா, யாரும் வந்திருக்கமாட்டாங்க. இதப் பாப்பேன். இது மட்டும் எல்லா ஊர்லயும் இருக்கு."

நானும் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். தட்டுகள் பேசுகிற என் அலமாரி ஞாபகம் வந்தது. பிறகு, இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு இந்த ஆட்டம் என்று கேட்டேன். அவன் சிரித்தான். அவனுடைய ஊர் கிளப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற வேலை ஒன்று காத்திருக்கிறதாம். வருவதா இல்லையா என்று இந்த வாரம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஏழு வருஷமாக ஆடுகிறான். தகுதிச் சுற்றைத் தாண்டி உள்ளே போய், பெரிய பந்தயத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. இந்தத் தடவை உள்ளே போய் ஒன்று ஜெயித்தால் இன்னும் ஒரு வருஷம். இல்லை என்றால் கிளப்.

அன்று மத்தியானம் மூன்றாவது தகுதி ஆட்டத்தையும் ஜெயித்து உள்ளே வந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பெரிய ஆள் ஒருவனோடு ஆட்டம். ஆனால் கடைசிப் புள்ளியில் அந்த மூன்றாவது மட்டையின் நரம்பு அறுந்துபோயிற்று. அறைக்கு வந்து அதை மேசையில் வைத்தான். நான் பார்த்தேன். எட்டாவது வரிசை இன்னும் தொங்கிக்கொண்டு இருந்தது.

"இதே மாதிரி கட்டித் தருவீங்களா, மதாம்?"

நான் பதில் சொல்வதற்குள் கெவின் எழுந்து வந்தார். கேட்டது காதில் விழுந்திருந்தது, எட்டாவது வரிசையை அவர் கண்ணும் பிடித்துவிட்டது. இறுக்கம் உன் இஷ்டம், நரம்பு உன் இஷ்டம், எந்த நிறத்தில் வேண்டுமானாலும் கட்டித் தருகிறோம், பிசகான பின்னலோடு மட்டும் இந்த அறையிலிருந்து மட்டை வெளியே போகாது என்று மெதுவாகச் சொன்னார். டிவிக்காரன் அருகில் வந்து காட்டுவான், நூறு ஆட்டக்காரர்கள் பார்ப்பார்கள், யார் கட்டினது என்று கேட்பார்கள், டானாவிடம் அடுத்த வருஷம் ஒருத்தரும் மட்டை கொடுக்கமாட்டார்கள் என்றார். கடைசியில், "அது உன் தலைக்குள்ளதான் இருக்கு, தம்பி" என்கிற மாதிரி ஒன்று சொன்னார்.

"ஆமா," என்றான் லூசியன். "ஆடுறதும் அங்கதான்."

கெவின் தன் இயந்திரத்துக்குத் திரும்பிவிட்டார். லூசியன் மட்டையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

வீட்டில் சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மூன்று நாளாக இந்தக் கதையைத் தொடராகக் கேட்டுக்கொண்டு வந்தவர்.

"அந்த லூசு கேக்குறான்னா கட்டிக் குடேன்லா. ஆடப்போறது நீயா, அவனா?"

"லூசியன். என் பேரு போகும்ங்க."

"இந்த ஊர்ல ஒன் பேரு எவனுக்கு முழுசா தெரியும்? டானாவோட பேருதான போகும், போயிட்டுப் போகட்டும்."

எனக்குக் கோபம் வந்து தட்டோடு எழுந்துவிட்டேன். ஆனால் கழுவிக்கொண்டே யோசித்தேன். வெள்ளிக்கிழமை அவன் கேட்காத திருத்தத்தை நான் இரண்டு மட்டையில் செய்தேன். அதற்கு யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. இப்போது அவன் வாய்விட்டுக் கேட்கிறான்.

செவ்வாய்க்கிழமை காலையில் சீக்கிரமாகவே போய்விட்டேன். நெடுக்கை முடித்துக் குறுக்குக்கு வந்தேன். ஏழு வரிசை ஓடிவிட்டது. எட்டாவதில் என் விரல் எனக்குக் கீழ்ப்படியவில்லை. மேலே என்று மனசு சொல்லும், விரல் கீழே போய்விடும். இழுத்து எடுத்துவிட்டு மறுபடி. மறுபடியும் கீழே. இத்தனை வருஷம் பழக்கின நாய், கெட்ட காரியம் செய் என்றால் திருதிருவென்று முழிக்குமே, அப்படி. மூன்றாவது தடவை இடது கையால் அந்த நெடுக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நரம்பின் நுனியை மேலாகவே தள்ளினேன். மூன்று நெடுக்கு, ஒரே மூச்சு. இழுத்து இறுக்கினேன். முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

ஒளிக்க வழி இல்லை, ஒளிக்கவும் நான் நினைக்கவில்லை. முடித்து, சீட்டின் அடியில் டி என்று எழுதி, மட்டையோடு கெவின் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

அவர் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரல் ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கியது. எட்டாவதில் நின்றது. மேலே வெளியே ஆட்கள் படிக்கட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது. கெவின் என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் மேசையில் துழாவிக் கத்தரிக்கோலை எடுத்தார். நான் என் மேசையைப் பார்த்தேன், அது எந்த இடத்தில் வந்து உட்காரப் போகிறது என்று.

அவர் அதைத் தன் அரைக்கால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேனாவை எடுத்து, சீட்டிலிருந்த என் எழுத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் கீழே கே என்று எழுதினார்.

"யாராச்சும் கேட்டா, இது நான் கட்டினது. நீ இதப் பாக்கவே இல்ல, டானா."

சட்டம்தான் தெரியுமே, முதலில் தொட்ட கைதான் கட்ட வேண்டும் என்று. அந்தச் சட்டத்தை எழுதினவரே அவர். நான் நன்றி சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அது நன்றிக்குரிய விஷயமாகத் தெரியவில்லை. என் வேலையை யாரோ எடுத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

ஆட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்லமாட்டேன். குனிந்து குனிந்து பார்த்ததில் எனக்கு மறுநாள் நிமிர முடியவில்லை. அந்த மட்டையோடு அவன் முதல் செட்டை எடுத்தான். இரண்டாவதை விட்டான். மூன்றாவதில் நாலுக்கு நாலு. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் மட்டையை முகத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தான். நானும் கூடவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஓர் அடியில் பந்து வேறு மாதிரி சத்தம் போட்டது. நரம்பு அறுந்துவிட்டது என்று படிக்கட்டுக்கு அடியிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவன் போய் நான் வெள்ளிக்கிழமை கட்டின மட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். கண்ணாடி மாதிரி கட்டு. அடுத்த இரண்டு கேமையும் இழந்து, நாலுக்கு ஆறு என்று தோற்றான்.

எனக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. எங்கே அறுந்தது? என் பிசகில் அறுந்திருந்தால், அந்த ஏழு வருஷத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான். அவன் குளித்து முடித்து அறைக்கு வருகிறவரை உட்கார முடியவில்லை. வந்ததும் அவன் பையிலிருந்து நானே மட்டையை உருவினேன். கெவினும் எழுந்து வந்தார். மூன்று தலையும் அதன்மேல் குனிந்தன.

எட்டாவது வரிசை முழுசாக இருந்தது. மூன்று நெடுக்கையும் தாண்டிக்கொண்டு, வைத்தது வைத்தபடி.

"பதினொண்ணு," என்றார் கெவின்.

பதினோராவது குறுக்கில், மேலே கீழே என்று ஒழுங்காகப் போன இடத்தில் அறுந்திருந்தது. என் பிசகு தாங்கியது. அறுந்தது என் சரி. லூசியன் அதைப் பார்த்து முதலில் மெதுவாகச் சிரித்தான், பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான், எனக்கும் வந்துவிட்டது. கெவின்கூட மூக்கைச் சொறிந்துகொண்டார்.

கிளப்புக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். வருகிறேன் என்று சொல்லப் போகிறேன் என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். மைதானத்தில் அவ்வளவு நேரம் மட்டையைப் பார்த்தவன், அப்போது என் முகத்தையும் கெவின் முகத்தையும் பார்த்துச் சொன்னான். மஞ்சள் நூலை அவிழ்க்கட்டுமா என்றேன். இருக்கட்டும் என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். உடைந்த பிடிகருவியோடு அந்த மரப்பெட்டியும் போயிற்று.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. வெட்டுவதற்கு முன்னால், வழக்கமில்லாத ஏதாவது கண்ணில் பட்டால், ஆளைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டு வருவேன். நேரமாகும். கெவின் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும்.

மூன்று வருஷம் கழித்து, பெண்கள் ஆடுகிற வாரத்தில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு மட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். தகுதிச் சுற்றுதான். இங்கிலீஷ் அவ்வளவு வராது. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டாவது வரிசை. நடுவுக்கு இடப்பக்கம். மூன்று நெடுக்கு, ஒரே மூச்சு.

கத்தரிக்கோல் என் கையிலேதான் இருந்தது. கீழே வைத்தேன்.

"இது இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?" என்று அந்த இடத்தைத் தொட்டுக் கேட்டேன்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நூல் கட்டுற மதாம் இன்னும் இருந்தா, ஒண்ணும் சொல்லாம குடுத்துப் பாருன்னு கிளப்புல லூசியன் சொன்னாரு. கேப்பாங்களா, வெட்டிருவாங்களான்னு பந்தயம்."

"நீ என்னான்னு பந்தயம் கட்டின?"

"வெட்டிருவீங்கன்னு. அவருதான் கேப்பாங்கன்னாரு." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "எனக்கு அது வேணாம், மதாம். சரியாவே கட்டிருங்க," என்றாள்.

சரியாகவே கட்டினேன். கெவின் வெளிச்சத்தில் பிடித்து "ரைட்" என்றார். அவளுக்கும் மஞ்சள் நூல்தான் போட்டேன். அந்த நிறத்தை வேறு யாருக்கும் அதுவரை கொடுத்ததில்லை.

ஆகவே, அந்தப் பெண்கள் கேட்டதற்குப் பதில்: ஒன்று. முடிந்த சீட்டுகளைக் குத்திவைக்க அறையில் ஓர் ஆணி இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமைச் சீட்டை அதிலிருந்து நான் உருவி எடுத்து வந்துவிட்டேன், நடுவில் ஓட்டையோடு. மஞ்சள் நூல் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீட்டைப் பார்க்கிறவர்கள் அது கெவினின் பிசகு என்றுதான் நினைப்பார்கள். அவர் நல்ல மனசோடு செய்தது. ஆனாலும் அது அவருடையது இல்லை. என் விரல் மூன்று தடவை முரண்டு பிடித்து, நான் அதை ஜெயித்துப் போட்டது. இதை எழுத உட்காருவதற்கு முன்னால் அந்தச் சீட்டை எடுத்து, கே என்பதற்குப் பக்கத்தில் டி என்று எழுதினேன். தயங்கவில்லை.